திரும்பி வந்த பெட்டி

கடையில் இருந்த மற்ற எல்லாப் பிளேயர்களிலும் அந்த டிஸ்க் ஒரே மாதிரிதான் ஓடியது. கடைசித் தட்டில், விலைச் சீட்டு ஒட்டாமல் கிடந்த கறுப்புப் பிளேயரில் போட்டபோது மட்டும், படத்தில் பின்வாசல் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

டிரைவர் அதைப் பார்த்தார். லாரியை விட்டு இறங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தெருவில் அவருக்கு இன்னமும் அதுதான் பெயர். கண்ணும் பழைய கண்தான். எதிரே வருவதைவிடப் பின்னால் வருவதை அதிகம் பார்த்துப் பழகிய கண். கதவு திறந்திருப்பதைக் கண்டவர், மற்றப் பிளேயர்கள் அதை மறைத்து ஏமாற்றுகின்றன என்று முடிவு கட்டிவிட்டார். அவர் புத்தி அந்த வழியாகத்தான் போகும். பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்க்காமல் மூடி திறந்ததில்லை. புது டயரென்று கொடுத்தால் நகத்தால் கீறிப் பார்ப்பார்.

அதனால்தான் டிஸ்க்கையும் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். டை கட்டிய விற்பனைக்காரன், கடலும் மீனும் பூவுமாக ஓடும் கடையின் டிஸ்க்கைப் போட்டு, "எவ்வளவு கிளியரா இருக்கு பாருங்க சார்" என்றபோது, அவர் அசையவில்லை.

"அந்த மீன எனக்கு முன்னப் பின்னத் தெரியாது தம்பி. அது இப்படித்தான் இருக்கும்னு நீ சொல்ற, நான் கேட்டுக்கணுமா? இதப் போடு. இது எம் பொண்ணு. இவ மூஞ்சி எனக்குத் தெரியும்."

டிஸ்க்கில் இருந்தது பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. வெளியூரில் வேலை கிடைத்து மகள் கிளம்புவதற்கு முந்தின நாள், அவளுடைய சிநேகிதி புதுக் கேமராவைக் கூடத்து அலமாரியில் வைத்து ஓடவிட்டது. மகள் தரையில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா. இருவரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நீளமான நடை, நடையின் முடிவில் பின்வாசல் கதவு. அவ்வளவுதான். டிரைவர் அன்று வண்டியோடு எங்கேயோ இருந்தார். போன இடத்தில் மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். இப்போது அவள் அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நடுப்பார்வை. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் கரைந்துபோகும். ஓரத்தில் இருப்பது தெரியும். மருந்து, இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முழுக்கப் போவதற்குள் மகள் முகத்தை ஒருதரம் சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் கேட்டாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

அந்தக் கறுப்புப் பிளேயரில் மகள் முகம் அவ்வளவு சரியாகத் தெரிந்தது. மேலுதட்டில் வேர்வை பூத்திருப்பது தெரிந்தது.

"இத எடுத்துக்கறேன்," என்றார்.

"அது விக்கிறதுக்கு இல்ல சார்."

"விக்கிறதுக்கு இல்லாதத எதுக்குத் தட்டுல வச்சிருக்க?"

"ஒருத்தங்க திருப்பிக் குடுத்துட்டுப் போனது. கம்பெனிக்கு அனுப்பணும். அதுல போடாதீங்கன்னு சொல்றதுக்குள்ள நீங்களே போட்டுட்டீங்க."

"என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்ல."

"நல்லா ஓடுறத எவன் திருப்புவான்?"

டை கட்டியவன் டையை நீவிக்கொண்டான். "வயசான அம்மா சார். எங்க வீட்டுப் படத்துல எங்க வீட்டுல இல்லாத ஆளு வர்றாருன்னாங்க. என்னத்தச் சொல்றது? பழைய டிஸ்க்குல பாதிதான் சார் பதிஞ்சிருக்கும். மீதிய இந்த எச்டி பிளேயருங்க தானா ஊகிச்சு நிரப்பும். அதனாலதான் தெளிவாத் தெரியுது. இது கொஞ்சம் கூடவே நிரப்புது போல."

"எங்க வீட்டப் பத்தி இதுக்கு என்ன தெரியும்?"

"எல்லா வீடும் ஒரே மாதிரிதான சார்." அவன் சிரித்தான். "இதே மாடல் சீல் உடைக்காத டப்பாவுல இருக்கு. அத எடுத்துட்டுப் போங்க."

இந்த இடத்தில்தான் டிரைவர் பிடிவாதமாக நின்றார். மூடின டப்பாவை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை. எதைக் கண்ணால் பார்த்தாரோ அதையேதான் தூக்கிக்கொண்டு போவார். செருப்பானாலும் சரி, சீலிங் ஃபேன் ஆனாலும் சரி. நல்ல சரக்கை ஒளித்து வைத்துவிட்டு மட்டமானதைத் தலையில் கட்டப் பார்க்கிறான், அந்தக் கிழவி கதையும் அதற்காகக் கட்டினதுதான் என்று அவருக்குப் பட்டது.

"யாருக்கு எடுத்து வச்சிருக்க? மச்சானுக்கா?"

"சார், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எம் பொண்டாட்டிகூட எனக்கு நல்லது சொல்றதில்ல. நீ எதுக்குச் சொல்ற?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார், டை கட்டியவனிடம் ஏதோ கிசுகிசுத்தார், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். பிளேயர் டிரைவர் கைக்கு வந்தது. ஓடி முடித்து வெகுநேரம் ஆகியும் அடிப்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார்.

கேமரா அன்றைக்கு நின்ற அதே அலமாரியில்தான் இப்போது டிவி இருந்தது. அதனால் படத்தைப் போட்டதும் கூடத்தில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை மாட்டியது போல ஆயிற்று. இந்தப் பக்கம் கூடம், நாற்காலி, பின்னால் நடை, நடையின் முடிவில் கதவு. அந்தப் பக்கமும் அதே. அந்தப் பக்கத்தில் மட்டும் மகள் இருந்தாள்.

வெளிச்சம் கூசுகிறது என்று மனைவி ஜன்னல் திரையை இழுத்து விடச் சொன்னாள். பழைய பிளேயரில் பேச்சு மட்டும்தான் கேட்கும். இதில் பேச்சுக்கு நடுவே மகள் மூச்சு விடுவது கேட்டது, துணியை உதறும்போது வரும் காற்று கேட்டது, அன்றைக்கு வெளியே மழை சன்னமாகப் பெய்தது கேட்டது, அதற்கும் அடியில், நடைப் பக்கமிருந்து, யாரோ ஈரத்தில் நின்று கால் மாற்றிக்கொள்வது போல ஒரு சின்ன உரசல் கேட்டது. நனைந்த காக்கித் துணியின் வாடை மூக்கில் ஏறியது. இங்கே வீட்டுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, எப்போதும் போல முகத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு மெல்ல முகத்தை நேராக்கினாள்.

"ஏங்க."

"என்ன?"

"தெரியுதுங்க. நேராப் பாத்தாலே தெரியுது. அந்தப் புருவத்துல வெட்டு இருக்கே, அதுகூட." அவள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு சின்னப் பிள்ள பாருங்க."

டிரைவரும் மகளைப் பார்க்கத்தான் நினைத்தார். ஆனாலும் கண் கதவுக்குத்தான் போனது. ஒரு சாண் இல்லை. இரண்டு சாண் இருக்கும். வாசலுக்கு உள்ளே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கார் டயரில் அடி தைத்த செருப்பு.

"அன்னைக்குப் பின்வாசலத் தொறந்து போட்டிருந்தீங்களா?"

"மழையில எதுக்குத் தொறக்கறோம்? தாழ்ப்பாள் போட்டிருந்தது."

"அந்தச் செருப்பு?"

"உங்க செருப்புதான்."

"என் செருப்பு என் கால்ல இல்ல இருந்திருக்கும்?"

"படம் பாக்க விடுங்களேன்," என்றாள் அவள்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் தனியாகப் போட்டுப் பார்த்தார். சாலையில் ஒரு வண்டி பின்னாலேயே வந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. நேராகப் பார்க்காமல், பார்க்காதவர் போல. மகள் சட்டையை மடித்தாள். அம்மா ஏதோ சொன்னாள். நடையின் இருட்டில் இருட்டை விடக் கொஞ்சம் வெளுப்பாக ஒன்று இருந்தது. சுவரில் சாய்ந்திருந்தது. காக்கிச் சட்டை. கழுத்துக்கு மேலே இன்னும் எதுவும் சரியாக வரவில்லை. சேறு கலங்கின மாதிரி அசைந்து அசைந்து ஒரு இடத்தில் கூடிக்கொண்டிருந்தது.

ரிமோட்டில் படத்தை நிறுத்தினார். மகளின் கை பாதியில் நின்றது. அம்மாவின் வாய் பாதியில் நின்றது. உதறின துணி காற்றில் நின்றது.

காக்கிச் சட்டையின் மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போன் போட்டார். டை கட்டியவன்தான் எடுத்தான்.

"இது நிரப்புதுன்னு சொன்னியே. எங்கேருந்து எடுத்து நிரப்புது?"

"எந்த இடத்துல எது இருக்கணுமோ, அத அதுவே பாத்துப் போட்டுக்கும் சார்."

"இருக்கணும்னு யாரு சொன்னது?"

"சார், எடுத்துட்டு வந்துருங்க. நான் மாத்தித் தர்றேன். இன்னைக்கே வாங்க."

கேட்காமலே அவன் மாற்றித் தருகிறேன் என்றது டிரைவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிளேயரைக் கழற்றலாம் என்று அலமாரிப் பக்கம் போனார். தலை துவட்டிக்கொண்டே வந்த மனைவி, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுல கைய வைக்காதீங்க."

"இதுல ஏதோ கோளாறு இருக்கு. வேற மாத்திக்கலாம்."

"வேறதுல எனக்குத் தெரியுமா? கடையில எல்லாத்துலயும் போட்டுப் பாத்தீங்கள்ல. சொல்லுங்க, தெரியுமா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இந்த அளவுக்குத் தெரியாது," என்றார்.

"அப்ப விடுங்க. உங்க சந்தேகத்துக்கு நான் சமைச்ச சோத்தையே மோந்து பாத்துத்தான் சாப்பிடுவீங்க. எனக்கு இருக்கிற பார்வைய நான் எதுக்குச் செலவழிக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

பேச்சு அதோடு முடிந்தது. அவர் போய்ப் பின்வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார். கதவு மரம் ஈரமாக இருந்தது. உள்ளங்கையை மோந்து பார்த்தார். டீசல்.

சாயங்காலம் அவளுக்குக் கண் மருந்து வாங்க மருந்துக்கடை வரை போய்விட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. டிவியின் நீலம் மட்டும் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க அன்னைக்குப் பாப்பாகிட்ட எவ்வளவு ஆசையாப் பேசியிருக்கீங்க," என்றாள் அவள். "நான் மறந்தே போயிட்டேன்."

"நான் அன்னைக்கு வீட்டுலயே இல்லம்மா."

"இருந்தீங்க. இதோ இருக்கீங்களே."

அவர் டிவிக்கு அருகில் போய், அலமாரியை ஒட்டி இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

படத்தில், மகளுக்கு மறுபக்கம், ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை. நரைத்த தலை. மகள் சின்னவளாக இருந்தாள், அவள் அம்மா கறுத்த தலையோடு இருந்தாள். அந்த ஆள் மட்டும் இன்றைக்குக் காலையில் டிரைவர் சவரம் செய்துகொண்ட முகத்தோடு இருந்தான். தாடையில் பிளேடு பட்ட கீறல்கூட இருந்தது. படத்தில் வேறு எதற்கும் இல்லாத தெளிவு அவனுக்கு இருந்தது. ஒவ்வொரு மயிரும் தனித்தனி. ஒவ்வொரு நரம்பும்.

மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் பேச வேண்டிய இடம் அது. அம்மாவைக் கிண்டல் செய்கிற இடம், அவருக்கு மனப்பாடம். பேசவில்லை. ஒரே சட்டையை மடித்தாள். பிரித்தாள். மடித்தாள். தரையில் மெல்ல மெல்ல நகர்ந்து அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்த ஆள் பேசினான். டிரைவரின் குரல்.

"அம்மாவுக்குக் கண் இப்ப எப்படி இருக்கு?"

அன்றைக்கு அவளுக்குக் கண் நன்றாக இருந்தது. ஊசியில் தானே நூல் கோப்பாள்.

மகள் அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"முழுக்கப் போயிடுச்சா?" என்றான் அந்த ஆள். மகளைக் கேட்கவில்லை. கேமராவைப் பார்த்துக் கேட்டான். டிவிக்கு இந்தப் பக்கம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து. "நேராப் பாத்தா நான் தெரியறேனா?"

"நல்லாத் தெரியறீங்க," என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே.

டிரைவர் கையைப் பின்னால் விட்டு ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை அணைந்தது. கூடம் கறுத்தது.

நல்லது. முடிந்தது. நாளைக்கே தெருமுனையில் போட்டு மிதித்து நொறுக்கிவிட வேண்டும்.

மழைச் சத்தம் நிற்கவில்லை.

வீட்டுக்கு வெளியே மழை இல்லை. அவர் இப்போதுதான் உள்ளே வந்தார், தலை காய்ந்திருந்தது. ஆனாலும் மழை. அலமாரியிலிருந்து வரவில்லை. நடைப் பக்கமிருந்து.

பின்வாசல் கதவைத் தட்டினார்கள். உள்ளங்கையால். அவர் தட்டுகிற மாதிரி.

"இந்தாம்மா," என்றது கதவுக்கு வெளியே இருந்த குரல். "கதவத் தொற. நனைஞ்சுட்டேன்."

மனைவி எழுந்துகொள்வது கேட்டது.

"போகாத," என்றார் டிரைவர். "நான் இங்கதான் இருக்கேன். உம் பக்கத்துலதான் இருக்கேன்."

அவள் நின்றாள். இருட்டில் அவள் முகம் அவர் பக்கம், டிவி இருக்கும் பக்கம், திரும்பியது தெரிந்தது.

"இன்னும் ஓடிக்கிட்டே இருக்கே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ரிமோட்ட எங்க வச்சேன்?"

"படம் இல்லம்மா. நான். நான்தான் பேசறேன்."

"வர்றேங்க," என்று அவள் நடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அவர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி கிடைத்தது. எலும்பு கிடைத்தது. அவள் கையை உதறிக்கொண்டாள்.

"ச்சே. டிவியில இடிச்சுக்கிட்டேன். கண்ணாடி என்னமா ஜில்லுனு இருக்கு."

அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். அவரும் நடந்தார். நடந்ததாகத்தான் நினைத்தார். முக்காலி அவரை விடவில்லை. அலமாரி முதுகில் அழுத்தியது. கத்தினார். கத்தினது கூடத்தில் சின்னதாக, தகரத்துக்குள் பேசுவது போலக் கேட்டது.

மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

"ஐயோ, இப்படியா நனைவீங்க." அவள் குரல். பிறகு அதில் ஒரு நடுக்கம். சந்தோஷ நடுக்கம். "ஏங்க. உங்க மொகம் எனக்கு நேராத் தெரியுதுங்க. இந்த இருட்டுல தெரியுது."

"தெரியும்மா," என்றது அந்தக் குரல். "இனிமே தெரியும்."

ஈரச் செருப்பின் சத்தம் நடையில் வந்தது.

"கூடத்துல படம் ஓடிக்கிட்டே இருக்கு," என்றாள் அவள். "உங்க குரல்லயே கத்துது. பயமா இருக்கு. அத மொதல்ல அணைச்சுட்டு வாங்க."

டிரைவர் தன் கைகளைப் பார்த்தார். மங்கலாக இருந்தன. விரல் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

காக்கிச் சட்டை போட்ட அது, அவர் முன்னால் வந்து குனிந்தது. கூடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை; ஆனாலும் அதன் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது, தாடைக் கீறலில் உறைந்த ரத்தம் தெரிந்தது. அது ஒரு விரலை நீட்டி, அணைக்க எங்கே அழுத்துவது என்று தேடுகிற மாதிரி, மெதுவாக அவர் முகத்தின் மேல் கொண்டு வந்தது. விரல் நுனியில் ரேகைகள் சுழித்துச் சுழித்து உள்ளே போவது, அவர் பார்த்த எதையும்விடத் தெளிவாகத் தெரிந்தது.